ஏலத்துக்கு ஏலாத மேல்வீடு

காத்தான்குடியில் ஒரு பெண் கொங்கிரீட் படிக்கட்டை ஒளித்துவைத்து வங்கியை ஏமாற்றிவிட்டாள் என்ற செய்தி மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் என் காதில் விழுந்தது. சொன்னவர் கல்முனை பஸ்ஸுக்கு நின்றவர். ஏலம் விட ஆட்கள் வந்தார்களாம். மேல்மாடி இருந்ததாம். ஏறுவதற்குப் படி இல்லையாம். முதல்நாள் வரைக்கும் அங்கேயே இருந்த படி. வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

நல்ல செய்தி எதுவும் ஒரே உருவத்தில் இருப்பதில்லை. அடுத்த வாரம் ஏறாவூரில் கேட்டபோது படிக்கட்டுக்குச் சில்லுப் பூட்டி உருட்டியிருந்தார்கள். பெரியகல்லாறுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதைத் தோணியில் ஏற்றி வாவிக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். வாழைச்சேனையில் ஒருவர், அது ஜின்களின் வேலை, மனிதர்களைக் குறை சொல்லக் கூடாது என்றார். வங்கியைப் பற்றி மட்டும் எல்லா ஊரிலும் ஒரே கருத்து: அவர்களுக்கு வேண்டும்.

இதை விசாரிக்காமலே எழுதியிருக்கலாம். ஆனால் கொங்கிரீட் படிக்கட்டை ஒளிப்பதென்றால் எங்கே ஒளிப்பது என்ற கேள்வி விடவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்தால் காலில் இடிக்கும். ஆகவே கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிக்குப் போனேன்.

படிக்கட்டு இருந்தது.

வீட்டின் வடக்குச் சுவரோடு ஒட்டி, வெளியால் ஏறும் படி. நீலப் பெயிண்ட் அடித்த கைபிடி. நான்கு தலையணைகளும் ஒரு பூனையும் அதில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒளிந்திருந்து வந்த படிக்கட்டின் களைப்பு எதுவும் அதன் முகத்தில் தெரியவில்லை.

அந்தத் தெருவின் வீட்டுத் தரகர் முத்தலிப், படியைக் கண்டு எனக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்த்து ஆறுதல் சொன்னார். கதையில் கால்வாசி மெய்யென்றும், மீதியும் பொய்யில்லை, அவசரப்பட்டு வந்துவிட்டது என்றும் விளக்கினார். பிறகு, படியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் ஊரின் விலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று என்னை உட்காரவைத்தார்.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் ஒரு வீடு, இரண்டு பிறந்தால் இரண்டு. வாப்பாமார் வெளிநாட்டில் உழைப்பது, உம்மாமார் சீட்டுப் பிடிப்பது எல்லாம் அதற்குத்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இருக்கிற மண் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு அதன் தலைக்கு மேல் ஒரு வீடு. பூமி தீர்ந்ததும் ஆகாயத்தைப் பங்குபோடத் தொடங்கிய ஊர் இது. "நாங்க இஞ்ச காணி விக்கிறதில்ல," என்றார் முத்தலிப். "மாப்பிள்ள எடுத்துக் குடுக்கிறம். காணி அதோட வாற சாமான்."

அப்படி ஏறிக்கொண்டே இருந்த விலைதான் சறுக்கியது. நாடே கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தான காலத்தில் வட்டி தென்னை உயரத்துக்குப் போனது. வீட்டை ஈடு வைத்துக் கடை போட்டவர்கள் தவணையைத் தவறவிட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தரும் ஒரு சட்டம் இங்கே உண்டு, பராட்டே என்பார்கள். கொஞ்சக் காலம் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறுத்தியதை எடுத்ததும் பத்திரிகையில் பக்கம் பக்கமாக ஏல விளம்பரம். அந்தச் சின்னத் தெருவில் மட்டும் மூன்று வீடு போனது.

வீடு மலிந்தால் பெண் பிள்ளை பெற்றவர்கள் ஓடி வந்து வாங்குவார்கள் என்று வங்கி நினைத்தது. ஒருவரும் வரவில்லை. ஊரில் புதிதாக ஒரு சொல் பிறந்திருந்தது: ஏல வீடு. ஒருத்தி அழுதுகொண்டு இறங்கிப் போன வீட்டில் என் மகன் ஏன் மாப்பிள்ளையாகக் குடியேற வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டு உம்மாமார் கேட்டார்கள். அதை வங்கியின் எந்த மதிப்பீட்டாளரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மூன்று வீட்டையும் வாங்கியது ஒரே ஆள், அம்ஜத். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட ஆசைதான், முடியவில்லை. இனிமையாகப் பேசுவார், எல்லாருக்கும் சலாம் சொல்வார். வாங்கிய வீட்டை நடுவால் பலகை அடித்து அறை அறையாக வாடகைக்கு விடுவார், அவ்வளவுதான்.

ஏல வீட்டின் நோய் பக்கத்து வீட்டுக்கும் தொற்றியது. தவணை தவறாமல் கட்டுகிறவர் கடனைப் புதுப்பிக்கப் போனால், உங்கள் தெருவில் கடைசியாக விற்ற விலை இதுதானே என்று அம்ஜத் வாங்கிய விலையை எடுத்துக் காட்டினார்கள். ஒரு கடனும் வாங்காமல், யாருக்கும் ஒரு சதம் குறை வைக்காமல் வாழ்ந்தவர்கள்கூட, ஒரு நாள் காலையில் எழும்பிப் பார்த்தபோது பாதி விலை வீட்டில் படுத்திருந்தார்கள்.

நான்காவதாகப் போக இருந்ததுதான் இந்த மேல்வீடு.

கீழ்வீட்டுக்காரி ஸஹீதா. மெத்தை, தலையணை தைப்பவர். ஊரில் கலியாணம் என்றால் பெண் வீட்டு அறைக்கு மெத்தை அவரிடமிருந்துதான் போகும். முதல் தையல் மெஷின் சுனாமியோடு போனது. இரண்டாவது மெஷினில் முன்னையைவிடக் கூடுதலாகத் தைத்தார். ஃபோம் மெத்தை வந்தபோது, பஞ்சுக்காரி முடிந்தாள் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர் ஃபோமை மொத்தமாக வாங்கி, மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்து, அதற்கு ராசா மெத்தை என்று பெயரும் வைத்து, ஃபோம் கடைக்காரரிடமே விற்றார். கணவர் மீன் லொறி ஓடுகிறார். இந்தக் கதையில் அவர் வரமாட்டார். வீட்டுக்கே அதிகம் வருவதில்லை.

மேல்வீட்டுக்காரி தங்கை அஸீமா. அவருடைய கணவர் றுமைஸ் மின்சாரச் சாமான் கடை போட மேல்வீட்டை வங்கியில் ஈடு வைத்தார். வீட்டுப் பத்திரமான உறுதி அஸீமாவின் பெயரில் இருந்ததால் கையொப்பம் வைத்தது அஸீமா. மின்சாரமே இல்லாத காலத்தில் மின்விசிறி யார் வாங்குவது? கடை படுத்தது. மகள் இர்ஷானாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சீதனமாக எழுத இருந்ததும் அதே வீடு. ஏலம் போனால் வீடும் போகும், கலியாணமும் போகும். இது தெருவுக்கே தெரியும்.

தெருவுக்குத் தெரிந்த இன்னொன்று, அக்காளும் தங்கையும் பல வருஷமாகப் பேசுவதில்லை என்பது. காரணம் மேலே இருந்த தண்ணீர்த் தாங்கி. அது நிரம்பி வழியும். வழிந்த தண்ணீர் சுவரால் இறங்கி ஸஹீதா மெத்தை அடுக்கும் அறைக்குள் வரும். திருத்துகிறேன் என்று றுமைஸ் சொல்லிச் சொல்லியே மூன்று ஹஜ் பெருநாள் போனது. கடைசியாக ஒரு மணப்பெண்ணின் மெத்தை நனைந்த அன்று பேச்சு நின்றது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதை இருவரும் படியில் கிடக்கும் பூனையிடம் சொன்னார்கள். "கரண்ட் பில் வந்திரிக்கி எண்டு மேல உள்ளவக்குச் சொல்லு," என்பார் ஸஹீதா. மேலிருந்து, "கண்டிட்டம் எண்டு சொல்லு," என்று பதில் வரும். பூனை ஒன்றையும் மாற்றிச் சொன்னதில்லை.

இனி ஏல நாள். இதைப் பற்றி நான் ஸஹீதாவிடம், வங்கி உத்தியோகத்தர் அருமைநாயகத்திடம், முத்தலிப்பிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் உண்மை சில நேரம் அப்படித்தான்.

அன்று காலை தாங்கி மறுபடி வழிந்தது. வீடு போகப்போகிற துக்கத்தில் மேல்வீட்டில் ஒருவரும் மோட்டரை நிறுத்த நினைக்கவில்லை. கீழே ஓட்டமாவடியில் ஒரு கலியாணத்துக்கு அனுப்ப இருந்த ராசா மெத்தை இரண்டும், தலையணைகள் ஒரு குவியலும் நனைந்துபோயின. ஸஹீதா பூனையிடம் கடுமையாகப் பேசிவிட்டு, எல்லாவற்றையும் இழுத்துவந்து படியில் காயப் போட்டார். மேல் படியிலிருந்து கீழ்ப் படி வரை மெத்தை. விளிம்பெல்லாம் தலையணை. அதற்கு மேல் வெள்ளைத் துணி. தெருவிலிருந்து பார்த்தால் படி தெரியாது. வீட்டில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய வெள்ளை யானை தெரியும்.

இந்த யானைக்கு முன்னால்தான் ஏலக்காரரும் அருமைநாயகமும் வந்து நின்றார்கள். பின்னால் அம்ஜத். அவருக்கும் பின்னால் வேடிக்கை பார்க்கத் தெரு.

ஏறிப் பார்க்க வேண்டும் என்றார் ஏலக்காரர். ஏறுங்கள், ஆனால் அது புதுப் பெண்ணின் மெத்தை என்றார் ஸஹீதா. ஏலக்காரர் தன் சப்பாத்தைப் பார்த்தார். கூட்டத்தில் பெண்கள் நின்றார்கள். யாரோ ஒரு பெண் முதல் இரவுக்குத் தைத்த மெத்தையைச் சப்பாத்துக் காலோடு மிதித்துக்கொண்டு ஏறுகிற ஆண் இந்தப் பகுதியில் இன்னும் பிறக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினாலும் கதை அவ்வளவுதான். அவர் கீழே நின்றபடியே விவரத்தை வாசிக்கத் தொடங்கினார்.

வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லாம் வாசித்தார். ஆகாயத்தைப் பங்குபோட்ட ஊரல்லவா, அந்த உறுதியில் எல்லை ஆறு. கீழ் எல்லை, ஸஹீதாவின் வீட்டுக் கூரைத் தட்டு. மேல் எல்லை, ஆகாயம். இந்த இடத்தில் அம்ஜத்துக்குத் தொழில் புத்தி விழித்தது. மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அது சரி சேர். படி எந்த எல்லைக்குள்ள வாற?"

ஏலக்காரர் காகிதத்தைத் திருப்பினார். அருமைநாயகம் வாங்கித் தானும் திருப்பினார். படி எங்கும் வரவில்லை. படி நிற்கும் நிலம் கீழ்வீட்டு உறுதியில் ஸஹீதாவுக்குப் போயிருந்தது. அவர்களுடைய வாப்பா எழுதிக் கொடுத்தபோது, தங்கை அக்காளின் படியால் ஏறுவாள் என்பதை எழுதி வைப்பது அவமானமாகப் பட்டிருக்கும். பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள் என்று எந்த வாப்பா எழுதுவார்? பிறகு வந்த வங்கியின் மதிப்பீட்டாளரும் அதே படியால் ஏறி, மேலே தேத்தண்ணி குடித்து, அதே படியால் இறங்கிப் போனவர். காலுக்குக் கீழே இருப்பது யாருடையது என்று யார்தான் கேட்கிறார்கள்?

ஊர் இதை ஸஹீதாவின் தந்திரம் என்கிறது. அவரிடமே கேட்டேன்.

"சும்மா சொல்லக் கூடா," என்றார். "படி என்ட எண்டு எனக்கே அண்டைக்குத்தான் தெரியும். நான் மெத்தை காயப் போட்ட. வேற ஒண்ணும் தெரியா."

அம்ஜத் கை உயர்த்தவில்லை. படியில்லாத வீட்டுக்கு எவனும் விலை கேட்கவில்லை. சட்டப்படி வங்கி தன் பெயரிலேயே அதை எடுத்துக்கொண்டு போனது. எடுத்துக்கொண்டு போனது என்பது பேச்சுக்கு. வீடு அங்கேயேதான் இருந்தது, அஸீமாவின் குடும்பமும் அதற்குள்ளேயேதான் இருந்தது. காலி பண்ணும்படி வந்த கடிதத்தைத் தபால்காரர் படியில் நின்று கொடுத்துவிட்டுப் போனார்.

சில கிழமைக்குப் பிறகு அம்ஜத் வந்தார். மேல்வீட்டுக்கு அல்ல, கீழ்வீட்டுக்கு. படியையும் அது நிற்கிற துண்டு நிலத்தையும் தனக்கு விற்றுவிடச் சொன்னார். அவர் சொன்ன விலையை ஸஹீதா என்னிடம் மூன்று தடவை சொன்னார்; மூன்று தடவையும் குரல் தாழ்ந்தது. அதைக் கொண்டு தெற்குப் பக்கம் ஒரு புது வீடே கட்டலாம், தண்ணீர் வழியாத வீடு. படி கையில் வந்தால் வங்கியிடம் மேல்வீட்டை அம்ஜத் கிள்ளுக்கீரை விலைக்கு எடுப்பார். அது ஸஹீதாவுக்கும் விளங்கியது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

பிறகு, பல வருஷத்துக்குப் பின், அந்தப் படியில் ஏறினார்.

அஸீமா கதவைத் திறந்தார். பூனையும் கூடவே ஏறி வந்திருந்தது. ஸஹீதா அதைப் பார்த்துச் சொன்னார். "படிக்கு ஆள் வந்திரிக்கி. நல்ல விலை. விக்கட்டா எண்டு கேளு."

அஸீமாவும் பூனையைப் பார்த்தார். "அவட படி. விக்கிற அவட விருப்பம் எண்டு சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "தேத்தண்ணி குடிப்பாவா எண்டும் கேளு," என்றார்.

பூனை இருவரையும் பார்த்துவிட்டு அடுப்பு எரியும் குசினிப் பக்கம் போய்விட்டது. இனி நேரே பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

"ராத்தா," என்றார் அஸீமா. அக்காளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். உள்ளே இர்ஷானா, கலியாணத்துக்கென்று வாங்கிய திரைச்சீலையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அடுத்த வாரம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தாயும் மகளும் முடிவெடுத்திருந்தார்கள்.

"சொல்லாதங்க," என்றார் ஸஹீதா. "முதல்ல அந்த டேங்கச் செய்ங்க. ஒருத்தன் செய்யாட்டி வேற ஆளப் புடிங்க. மத்ததப் பிறகு பேசுவம்."

படியை விற்பதில்லை என்ற பதில் அம்ஜத்துக்கு மறுநாள் போனது. இதை அம்ஜத்தே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார், ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும். தங்கச்சியில் அவ்வளவு பாசமா என்று அவர் கேட்டாராம்.

"பாசமா? எனக்குச் சண்டை புடிக்க ஆள் வேணும் மகன். உங்கட வாடகைக்காரனோட நான் என்னெண்டு சண்டை புடிக்கிற? அவன் மாசத்துக்கு ஒருத்தன் மாறுவான்."

வங்கியும் சும்மா இருக்கவில்லை. அருமைநாயகம் நேரில் வந்தார். பெரியகல்லாற்று ஆள், பேச்சில் கடுமை இல்லாதவர், அதனாலேயே கடன் வசூலிக்கிற பிரிவில் போட்டிருந்தார்கள். வழி இல்லாத சொத்துக்கு வழி கேட்டு வங்கி வழக்குப் போடலாம் என்பதை முறையாக அறிவித்தார். வெல்லுவீர்களா என்று ஸஹீதா கேட்டார்.

"வெல்லுவம் அக்கா. ஆனா தீர்ப்பு வாசிக்கக்குள்ள நான் பென்சனில இருப்பன்."

"அப்ப வங்கி அது மட்டும் எதால ஏறும்?"

அருமைநாயகம் பக்கத்தில் கிடந்த தலையணை ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

அந்தத் தலையணையில்தான் பேரம் தொடங்கியது. அஸீமாவுக்கே வீட்டைத் திருப்பி விற்றால் படியில் சிக்கல் இல்லை, அவர் எப்போதும் போல ஏறிக்கொள்வார் என்றார் ஸஹீதா. என்ன விலைக்கு என்றார் அருமைநாயகம். இன்றைய விலைக்கு என்றார் ஸஹீதா. அது ஞாயமாகத்தான் பட்டது. வங்கி புதிதாக ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் முன்னவரைப் போலத் தேத்தண்ணி குடிக்கவில்லை, உறுதியை வாசித்தார். படியில்லாத வீடு என்று ஒரு வெட்டு வெட்டினார். பிறகு தெருவில் கடைசியாகப் போன விலைகளைத் தேடினார். அங்கே இருந்தவை அதே வங்கி, அதே சட்டத்தில், அம்ஜத்துக்கு அடித்துக் கொடுத்த மூன்று விலைகள். அதையும் போட்டு இன்னொரு வெட்டு. வங்கி தன் கையாலேயே இறக்கிய விலை, வங்கியின் மேசையிலேயே வந்து உட்கார்ந்தது. றுமைஸ் வாங்கிய கடனில் பாதிகூட வரவில்லை. கொழும்பிலுள்ள பெரியவர்கள் நான்கு கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, முழுக்கடனுக்கும் இதுவே முடிவு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆகாயத்தில் தொங்கும் வீட்டை எத்தனை வருஷம் கணக்கில் வைத்திருப்பது?

றுமைஸ் கடையின் மீதிச் சாமான்களை விற்றுக் கழித்துக் கொடுத்தார். அஸீமாவின் நகை போனது. அப்போதும் குறைந்தது.

இந்த இடத்தில் தெரு உள்ளே வருகிறது. அந்தத் தெருப் பெண்கள் ஒரு சீட்டுப் பிடித்தார்கள். மாதம் ஒருத்திக்கு மொத்தப் பணம். அந்த முறை முப்லிஹா என்பவருக்கு விழுந்திருந்தது, கூரை மாற்றக் காத்திருந்தவர். முத்தலிப் அவர்களுடைய கூட்டத்துக்குப் போய் வாசலில் நின்று ஒரு விளக்கம் கொடுத்தார். மேல்வீடு அம்ஜத்திடம் போனால் என்ன விலைக்குப் போகுமோ, அதுதான் இனி உங்கள் ஒவ்வொருத்தருடைய வீட்டுக்கும் விலை. உங்கள் மகள்மாருக்கு அந்த விலைக்கு ஏற்ற மாப்பிள்ளைதான் வருவான். அஸீமா திருப்பி எடுத்தால் அது ஏலக் கணக்கில் சேராது, குடும்பத்துக்குள் தீர்ந்த விஷயம்.

 பிறகு முப்லிஹா, கூரை இன்னொரு மழையைத் தாங்கும், இந்தப் பணம் அஸீமாவுக்குப் போகட்டும் என்றாராம். மற்றவர்கள் தங்கள் முறையையும் பின்னுக்குத் தள்ளினார்கள். சுயநலம் இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. கருணை என்று எழுதினால் அவர்களே கோபிப்பார்கள்.

நொத்தாரிசு கந்தோரில் உறுதி எழுதிய நாளில் படியைப் பற்றி என்ன எழுதுவது என்று நொத்தாரிசு கேட்டார். அக்காளும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் எண்டு எழுதுங்க," என்றார் ஸஹீதா. "அவட பிள்ளைக்கும், அதுட பிள்ளைக்கும். டேங்க் வழியக் கூடா எண்டும் ஒரு எல்லை போடுங்க."

நொத்தாரிசு சிரித்தார். அஸீமா சிரிக்கவில்லை. அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கையொப்பம் வைக்கிறபோதுதான் விட்டார்.

கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். கதை அவர் காதுக்கும் போயிருந்தது. எந்த ஊர் வடிவத்தில் போனதோ தெரியாது, அவர் முதலில் படியைத்தான் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லாரும் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"இது ஏல வீடா?"

படியின் அடியில் நின்ற ஸஹீதா சொன்னார். "இல்ல மச்சி. இது ஏலம் போட்டும் ஏலாத வீடு."

மாப்பிள்ளையின் உம்மா சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது. கலியாணம் நடந்தது. இர்ஷானாவின் அறைக்கு ராசா மெத்தை போனது. மேலே கொண்டுபோகும்போது படி அகலம் போதவில்லை, பத்துப் பேர் தூக்கினார்கள், யாரும் குறை சொல்லவில்லை.

தெருவில் விலை நிமிர்ந்திருக்கிறது. முழுதாக அல்ல, அம்ஜத்தின் பலகை அறைகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஏல வீடு என்ற சொல்லைச் சொல்லும்போது ஆட்களுக்கு இப்போது சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்தால் விலை இறங்காது என்கிறார் முத்தலிப். ஊரெல்லாம் பெட்டியைத் திறந்து உறுதி வாசிக்கிறார்கள். ஒருவருக்குத் தன் மலசலகூடம் மச்சானுடையது என்று தெரியவந்திருக்கிறது. அவர் இப்போது மச்சானோடு மிகவும் அன்பாக இருக்கிறார். அந்த வங்கியின் மதிப்பீட்டாளர்கள் இப்பகுதிக்கு வந்தால், சுவரை அளப்பதற்கு முன் படி யாருடையது என்று கேட்கிறார்களாம்.

பஸ் நிலையத்துக் கதையை நான் திருத்த முயன்றேன். அவள் ஒளிக்கவில்லை, மெத்தை காயப் போட்டாள் என்றேன். கேட்டவருக்கு அது பிடிக்கவில்லை. தோணிதான் நன்றாக இருக்கிறது என்றார்.

ஸஹீதாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் மனக்குறை. உறுதி எழுதி முடித்த அன்று அருமைநாயகம் கீழ்வீட்டுக்கு வந்து இரண்டு தலையணை எடுத்துப் போனார். கையில் காசு இல்லை, சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றார். வங்கிக்காரரிடம் ஈடு கேட்பதற்கு ஸஹீதாவுக்கு வெட்கமாக இருந்ததாம், கொடுத்துவிட்டார். நான் வங்கிப் பக்கம் போனால் ஞாபகப்படுத்தச் சொன்னார்.

போனேன். அருமைநாயகம் முகம் சிவக்க எழும்பி நின்றார். ஒரு தலையணை மனைவிக்கு மிகவும் பிடித்துப்போனது, மற்றது கொஞ்சம் உயரம் என்றார். காசு இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுவதாக ஸஹீதா அக்காவிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அது போன மாதம்.